கரிய திரைக்குப் பத்து அளவைகள்

கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட புதுக் கணினியில் படம் வராமை குறித்து, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிரதேசங்களை முன்வைத்து ஒரு முதனிலை ஆய்வு

பாயிரம்

புதுக் கணினியில் படம் வராமை தமிழில் இன்னும் ஒரு துறையாக வகுக்கப்படவில்லை. வீட்டுக்குள் நடப்பதால் அது அகமா, கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால் புறமா என்ற சிக்கலில் இலக்கணகாரர் அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். ஊடல் உண்டு, பிரிவு உண்டு, இரங்கல் நிறையவே உண்டு. ஆகவே அகம் என்று கொண்டு இவ்வாய்வு தொடங்குகிறது.

களம் கொழும்பு. கொழும்பு 6 ஆகிய வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. கொழும்பு 13 ஆகிய கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியைச் சுற்றி, பாட்டன் காலத்து வயரிங்கோடு பழைய வீடுகள் இருக்கின்றன. இரண்டு ஊராரும் சந்திக்கும் சந்தை பம்பலப்பிட்டியில், மெஜெஸ்டிக் சிற்றிக்குப் பக்கத்தில் நிற்கும் யுனிட்டி பிளாசா. வெள்ளவத்தைக்காரர் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கலாம். ஆனால் கேமிங் கணினி வாங்கியவர் எவரும் பஸ்ஸில் திரும்பியதில்லை. முச்சக்கர வண்டியின் பின்னாசனத்தில், பெட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஆய்வாளருக்கு எந்த நிறுவனமும் நிதி தரவில்லை. ஆகவே கட்டுரையில் புள்ளிவிபரம் கிடையாது. வாசகர் இதைக் குறையாகக் கருதாமல் நேர்மையாகக் கருத வேண்டுகிறோம்.

நிகழ்வு

நாலாம் மாடியில் ஒரு வீடு. இரவு எட்டு மணி. பற்றுச்சீட்டில் கேமிங் என்று இருந்தாலும் வீட்டில் அதற்குப் பெயர் ‘படிக்கிற கொம்பியூட்டர்’. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மகன் மேசைக்குக் கீழே. அப்பா மல்ட்டி பிளக்கைப் பிடித்தபடி. அம்மா குசினி வாசலில். அம்மம்மா கதிரையில். ஸ்விட்ச்சைப் போட்டதும் ஃபான்கள் சுற்றின. கேசிங்கின் கண்ணாடிக்குள் சிவப்பும் நீலமும் பச்சையும் மாறிமாறி ஓடின. கோயில் திருவிழாச் சோடனைக்குக் குறையாத வெளிச்சம். எல்லோரும் மொனிட்டரைப் பார்த்தார்கள். நடுவில் சின்னப் பெட்டி ஒன்று தோன்றி, “நோ சிக்னல்” என்று சொல்லிவிட்டு மறைந்தது. பிறகு கறுப்பு.

“படம் வரேல்லையே.”

“லைற் எரியுது, ஃபான் சுத்துது. மிச்சம் எல்லாம் சரிதானே?”

இந்த இரண்டாவது வாக்கியம் இத்துறையின் அடிப்படைப் போலி. சோடனை விளக்குக்கும் ஃபானுக்கும் பவர் சப்ளையிலிருந்து நேரே கரண்ட் கிடைத்தால் போதும். அவை எரியவும் சுற்றவும் புரொசசருக்கு உயிர் இருக்க வேண்டியதில்லை. பந்தலில் விளக்கெரிவதால் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று ஆகாது.

மொழியியல் நோக்கில் முறைப்பாட்டையும் பதிவுசெய்ய வேண்டும். யாழ்ப்பாண வழி வந்த வெள்ளவத்தையில் அது “படம் வரேல்லை”. ஒரே மூச்சில் முடிந்த எதிர்மறை. கொட்டாஞ்சேனையில் “படம் வருது இல்ல.” முதலில் வருகிறது என்று உடன்பட்டு, பிறகு மறுக்கிறது. கேட்பவருக்கு அரை விநாடி நம்பிக்கை கிடைக்கிறது. பழுது ஒன்றே, துயரத்தின் இலக்கணம் வேறு.

அளவை இயல்

ஒரு பொருளை எப்படி அறிவது என்ற கேள்விக்குத் தமிழில் பஞ்சமில்லை. மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளைப் பத்தாக எண்ணுகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் பத்தை எண்ணி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 முதல் இயங்கும் ஊரில் சித்தியாரைப் பற்றிக் காதில் விழாமல் வளர்வது கடினம். ஆயினும் படம் வராத இரவில் அதை நினைத்துப் பார்த்தவர் இல்லை.

சித்தியார் சொல்லும் வரிசை: காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு. கொழும்பு வீடுகளில் இதே பத்தும் கையாளப்படுகின்றன என்பதும், வரிசை மட்டும் தலைகீழாக இருக்கிறது என்பதும் இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. அந்த வரிசையிலேயே காண்போம்.

பத்தாவது: இயல்பு

யானை மேலிருக்கும் பாகன் ‘தா’ என்று கை நீட்டினால், கீழே நிற்பவன் வேறொன்றையும் கொடாமல் அங்குசத்தையே கொடுப்பான். இது இயல்பு. மேசைக்குக் கீழேயிருந்து மகன் கை நீட்டி “அதைத் தாங்கோ” என்றான். அப்பா ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார். ஏன் என்று இருவருக்கும் தெரியாது. எதைக் கழற்றுவது என்று முடிவாகும் முன்பே கேசிங்கின் பக்கக் கதவு திறந்துவிட்டது. ஸ்குரூக்கள் ஞாயிறு வீரகேசரியின் மணமகன் தேவைப் பக்கத்தில் வரிசையாக வைக்கப்பட்டன.

ஒன்பதாவது: ஐதிகம்

‘இந்த மரத்தில் பேய் இருக்கிறது.’ முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது, எல்லோரும் சொல்கிறார்கள். இத்துறையில் அப்படிப்பட்ட பேய்கள் மூன்று.

முதற்பேய் அழிறப்பர். கார்டின் அடியிலுள்ள பொன் முலாம் பூசிய பற்களை அழிறப்பரால் தேய்த்தால் படம் வரும் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ரயில் பாதைக்கு அப்பாலிருந்து வரும் உப்புக் காற்றில் வெள்ளவத்தைக் கதவுப் பிணைச்சல்களும் ஃபான் இறகுகளும் படும் பாட்டைப் பார்த்தவர், பழைய கார்டின் பற்களில் படலம் கட்டும் என்பதை மறுக்க மாட்டார். ஆனால் அன்று பின்னேரம் பையை உடைத்து வெளியே எடுத்த கார்டுக்குப் பல்துலக்கல் வேண்டியதில்லை.

இரண்டாம் பேய் அவன். பழுதான கார்டைக் கேக் போல அவனில் வைத்துச் சுட்டால் உயிர் வரும் என்ற கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, சில மடிகணினிச் சில்லுகளின் பொதிவுப் பொருளில் பலவீனம் இருந்ததால் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தத் தலைமுறைக் கார்டுகளில் சூடேறி ஆறி, ஏறி ஆறி, பற்றுகள் வெடித்தன. சுட்டால் அவை மீண்டும் ஒட்டின, சில கிழமைக்கு. புதுக் கார்டைச் சுட்டால் ஒட்டுவது எதுவுமில்லை, வாரண்டி போவது மட்டும் நிச்சயம். நத்தார்க் கேக் வேகும் அவனில் ஈயம் உருக்குவது பற்றி அம்மாவின் கருத்து இங்கே அச்சிடத்தக்கதல்ல.

மூன்றாவது கண்ணூறு. பெட்டியை லிஃப்டில் ஏற்றும்போது இரண்டாம் மாடிக்காரர் “என்ன விலை?” என்று கேட்டார் என்பதை அம்மம்மா நினைவூட்டினார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடப்பட்டன. பகுத்தறிவாளர் சிரிக்கலாம், சொல்லாராய்ச்சி சிரிக்கவில்லை. 1993இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலச்சோவ்ஸ்கி, கேர்ட்டிஸ் பிரீம் ஆகிய மூவரும் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் டெனிஸ் என்ற சாப்பாட்டுக்கடை மேசையிலிருந்து தொடங்கிய கம்பனிக்கு என்விடியா என்று பெயர் வந்தது ‘இன்விடியா’ என்ற இலத்தீன் சொல்லால். பொருள்: பொறாமை. வேர்ச்சொல்லோ பார்த்தல், தீய கண்ணோடு பார்த்தல். கண்ணூறு என்று பெயர் வைத்த சாமானை வாங்கிவந்து, அதற்குக் கண்ணூறு பட்டிருக்காது என்று வாதிடுவது எவ்வாறு?

எட்டாவது: உண்மை

ஆயிரம் உண்டென்றால் அதற்குள் நூறும் உண்டு. பவர் சப்ளையில் 750 வாட் என்று எழுதியிருக்கிறது. கார்ட் கேட்பது 300. ஆகவே போதும் என்றார் அப்பா. வங்கிக் கணக்குக்கு இது சரி. கார்டுக்குச் சரியில்லை.

காரணம், கார்ட் சீராகச் சாப்பிடும் பிராணியல்ல. கேமில் ஒரு வெடிப்புக் காட்சி வந்தால், மைக்ரோ செக்கன் கணக்கில், எழுதியிருக்கும் அளவைவிடப் பல மடங்கை ஒரே வாயில் இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 நியமம், உயர்தரப் பவர் சப்ளைகள் தம் அளவின் இருமடங்கை 100 மைக்ரோ செக்கன் வரை தாங்க வேண்டும் என்று விதித்தது இதற்காகத்தான். ஆகவே டெஸ்க்டொப் வரை ஒழுங்காக வந்து, கேம் தொடங்கியதும் படம் செத்தால், சந்தேகம் பவர் சப்ளை மேல் போக வேண்டும்.

சுவரையும் விசாரிக்க வேண்டும். சதுர முனை 13 அம்பியர் பிளக்கே நாட்டின் நியமம் என்று வைத்து, உருண்டை முனை வகைகளின் விற்பனையை 2018இல் அரசு நிறுத்தியது. சுவர்களுக்கு அந்தச் சேதி போய்ச்சேரவில்லை. கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டில் உருண்டைத் துளைக்குள் ஒரு அடாப்டர், அதற்குள் மல்ட்டி பிளக், அதற்குள் மொனிட்டர், கணினி, வைஃபை ரவுட்டர், சில வேளை அயன் பெட்டியும். இந்த மரத்தின் நுனிக் கொப்பில்தான் பல லட்சம் ரூபாய்க் கார்ட் தொங்குகிறது.

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம். படம் போனதற்கு நிமித்தகாரணம் வீட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுக்க மின்சாரம் போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் துறை அமைச்சர். அன்று வெள்ளவத்தையில் கேம் விளையாடிக்கொண்டிருந்தவன் எந்த டிரைவரை மாற்றியும் பயனில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதும் அப்படியே. நாடே நோ சிக்னல்.

ஏழாவது: ஒழிபு

இது இல்லை, இது இல்லை என்று நீக்கிவந்தால் எஞ்சுவதே குற்றவாளி. முறை நல்லது. றாம் இரண்டில் ஒன்றைக் கழற்று. மதர்போர்டின் காசு பற்றரியைச் சில நிமிடம் எடுத்து வை. பிறகு கார்டையே கழற்றி, கேபிளை மதர்போர்டில் குத்திப் பார்.

மகன் கார்டைக் கழற்றினான். படம் வரவில்லை. “அப்ப கார்ட் பிழையில்லை, மதர்போர்ட்தான் பிழை” என்று தீர்ப்பு வந்தது. இங்கே நியாயம் வழுக்கிய இடம் ஓர் எழுத்து. இன்டெல் புரொசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் படம் வரையும் பகுதி இயங்காது; அதனால்தான் விலை கொஞ்சம் குறைவு. மதர்போர்டின் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும். ஆனால் அது சுவரில் வரைந்த யன்னல். அதற்குள் கேபிளைக் குத்திவிட்டுப் பொழுது விடியும் வரை காத்திருந்தாலும் வெளிச்சம் வராது. நிரபராதி மதர்போர்ட் தண்டனை பெற்றது.

ஆறாவது: ஒப்பு

பசுவை அறிந்தவன், அதைப் போன்றது என்ற சொல்லைக் கொண்டு காட்டுப்பசுவை அடையாளம் காண்கிறான். அப்பா ரிவியை அறிந்தவர். ஆகவே மொனிட்டரின் தலையில் மெல்லத் தட்டினார்.

இந்தத் தட்டலுக்குப் பின்னால் ஒரு யுகமே இருக்கிறது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் வந்தபின், கூரை மேல் ஒருவர், வாசலில் ஒருவர், ரிவிக்கு முன்னால் ஒருவர் என்று மூவர் சேர்ந்தே படம் பார்த்தார்கள். “வருதே?” “இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு.” “இப்ப?” “வந்தது, வந்தது... போட்டுது!” கூரையில் இருந்தவர் அலையின் திசையைத் தேடினார். இன்று மேசைக்குக் கீழே இருப்பவர் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்கிறார். ஆனால் ஒப்பு இங்கே முறிகிறது. அந்தக் காலத்தில் படம் வானத்தில் இருந்தது. அன்ரனா பிழையாக நின்றாலும் புள்ளியாவது வரும், இரைச்சலாவது கேட்கும். எச்டிஎம்ஐ காட்டினால் ஒழுங்காகக் காட்டும், இல்லையென்றால் பெரும்பாலும் முழுக் கறுப்பு. அரைகுறை என்ற ஆறுதல் அதில் மிகக் குறைவு.

ஐந்தாவது: பொருள்

பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால், இரவில் உண்கிறான் என்பது தானே பெறப்படும். இதற்கு உதாரணம் கொட்டாஞ்சேனை.

அங்கே ஓர் இளைஞர் தம் கையாலேயே கணினியைப் பூட்டினார். கார்டின் ஃபான் சுற்றியது. படமும் வந்தது, ஆனால் விண்டோஸ் வரவில்லை; கறுப்புப் பின்னணியில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும். அதை வாசிக்காமல் ஒரு மணித்தியாலம் டிரைவரைத் தேடினார். அந்த வரி சொன்னது, மெஷினை நிற்பாட்டி கார்டுக்கு பவர் கேபிளைக் குத்து என்பதே. கேபிளே குத்தாத கார்டில் ஃபான் சுற்றியது எப்படி? தேவதத்தன் வேறு வழியில் சாப்பிட்டிருக்கிறான். மதர்போர்டின் நீண்ட துளை தானாகவே 75 வாட் வரை ஊட்டும். ஃபானைச் சுற்றி, ஒரு வரி எழுத அது போதும். மேலே இருக்கும் எட்டு முனைத் துளை ஒவ்வொன்றும் 150 வாட்டுக்குரியது. இந்தக் கார்டில் இருந்த ஒன்றோ காலி.

“அண்ணே, இதில ஒண்ணு குத்துறதுக்கு இருக்கு போல” என்றான் தம்பி. அவன் வந்தது வைஃபை பாஸ்வேர்ட் கேட்க.

நான்காவது: அபாவம்

‘இங்கே குடம் இல்லை’ என்பதும் அறிவே. மொனிட்டர் “நோ சிக்னல்” என்று சொல்வது, அது உயிரோடு இருக்கிறது, வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது, வருவோர் எவருமில்லை என்று சாட்சி சொல்கிறது என்று பொருள். மொனிட்டர் அத்துடன் விடுதலை. எந்த வாசலில் நின்று பார்க்கிறது என்பதை மட்டும் கேட்க வேண்டும்: கேபிள் டிஸ்பிளேபோர்ட்டில் இருக்க, மொனிட்டர் எச்டிஎம்ஐ வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. கறுப்பாக இருந்தும் “நோ சிக்னல்” என்று சொல்லாத திரை வேறு வகை. அங்கே யாரோ வந்திருக்கிறார்கள், பேசுவதுதான் விளங்கவில்லை.

மூன்றாவது: உரை

நம்பத்தக்கவர் வாக்கு உரையளவை. வெள்ளவத்தையில் நம்பத்தக்கவர் கனடாவில் இருப்பார். கொழும்பில் இரவு பத்தரை என்றால் ஒன்ராறியோவில் கோடையில் பகல் ஒரு மணி. சித்தப்பாவுக்குச் சாப்பாட்டு நேரம். அவர் வேலை செய்வது ஒரு பேக்கரியில். ஆனால் வீடு மார்க்கத்தில். ரேடியன் கார்டுகளைப் பெற்றெடுத்த, 1985இல் தோன்றிய ஏடிஐ கம்பனி, 2006இல் ஏஎம்டி 540 கோடி டாலருக்கு வாங்கும் வரை தலைமையகம் வைத்திருந்த அதே மார்க்கம். கார்ட் பிறந்த ஊரில் குடியிருப்பவர் கார்டைப் பற்றிச் சொன்னால் மறுப்பவர் யார்?

“டிரைவரை அழிச்சிட்டுத் திருப்பிப் போடு” என்றார் சித்தப்பா.

படமே வராத கணினியில் எதைப் பார்த்து அழிப்பது என்று எவரும் கேட்கவில்லை. உரையளவையில் குறுக்குக் கேள்வி மரியாதையல்ல.

அடுத்த உரை வாரண்டிக் கடதாசி. கொழும்புக் கணினிக் கடைகள் பலவற்றில் ஓராண்டு என்றால் 350 நாள் என்று அச்சிடும் வழக்கம் உண்டு. சூரிய ஆண்டு 365 நாள், இஸ்லாமியச் சந்திர ஆண்டு 354 அல்லது 355. 350 நாளில் சூரியனைச் சுற்றிவரும் கோள் எது என்பது வானியலாருக்கு விடப்படுகிறது. அதே கடதாசியில், எரிந்த அடையாளத்துக்கும் துருவுக்கும் பொறுப்பில்லை என்றும் இருந்தது. கடலோரத்தில் குடியிருப்பவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

இரண்டாவது: கருதல்

மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதுவது தருக்கநூலாரின் பழைய உதாரணம். கேசிங்கில் புகை கண்டால் கருத நேரமில்லை. சுவர் ஸ்விட்ச்சுக்கு ஓட வேண்டியதுதான். மற்ற அடையாளங்களுக்கு நேரம் உண்டு.

புது மதர்போர்ட்கள் பலவற்றில் மூலையில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: புரொசசர், றாம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில் பயணம் தடைப்பட்டது. விஜிஏ என்ற பெயர் ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த பதினைந்து முனைக் காலத்தது. ஓட்டை போய்விட்டது, பெயர் விளக்கில் தங்கிவிட்டது. சோடனை வெளிச்சத்தின் நடுவே இந்தச் சிறு விளக்கைக் கண்டுபிடிப்பது, திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தேடுவது போல.

டிடிஆர்5 றாம் போட்ட புது மெஷின் முதல் முறை எழும்பும்போது றாமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பு. பழுது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒன்றரை நிமிடத்தில் ஸ்விட்ச்சை அணைத்து, திரும்பப் போட்டு, திரும்ப அணைப்பதால் அந்தப் பழக்கம் எப்போதும் தொடக்கத்திலேயே நிற்கிறது. விண்டோஸ் சின்னம் வரை வந்து மறைந்தால் டிரைவர். சித்தப்பாவின் மருந்து அப்போது பலிக்கும். கட்டங்கட்டமாக நிறப்புள்ளி சிதறினால் கார்டின் நினைவகம். 2022 செப்டெம்பர் 15இல் எதிரியம் நாணயம் கார்டில் தோண்டுவதைக் கைவிட்டதும், மாதக்கணக்கில் இரவுபகலாக உழைத்த கார்டுகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. ‘புதுசு மாதிரி’ என்ற சொல்லில் ‘மாதிரி’யை அழுத்தி வாசிக்காதவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்.

ஐயமறுத்தல்

கார்டே குற்றவாளியாகும் சந்தர்ப்பம் இல்லையா எனின், உண்டு. 2025 ஜனவரி 30இல் விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090, 575 வாட் கேட்பது. அந்தத் தலைமுறையில் கறுப்புத் திரை முறைப்பாடு எழுந்து, என்விடியா டிரைவர்த் திருத்தங்களை வெளியிட்டது. சில 5090 கார்டுகளில் படத்தின் இறுதிப் புள்ளிகளைத் தீட்டும் 176 அலகுகளில் எட்டுக் குறைந்திருந்ததையும் கம்பனி ஒப்புக்கொண்டது. கடையில் எட்டு முட்டை குறைந்தால் வெள்ளவத்தையில் உடனே தெரிந்துவிடும். இதற்கு மென்பொருள் வேண்டியிருந்தது.

ஆனால் 2022 ஒக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090இன் பவர் முனைகள் உருகிய கதையைப் பாருங்கள். 1,599 டாலர்க் கார்ட். அதற்கு 450 வாட் கொண்டுபோவது பதினாறு முனைச் சிறு பிளக். அது கடைசி வரை உள்ளே இறங்காததே முக்கிய காரணம் என்று விசாரணைகள் காட்டின. அடுத்து வந்த பிளக்கில், முழுதாக இறங்காவிட்டால் கரண்டே ஏறாதபடி சில முனைகளைக் குட்டையாக்கினார்கள்.

இதிலிருந்து விலை எதிர்விகித விதி பெறப்படுகிறது: பழி எப்போதும் விலை கூடிய சாமான் மேல் விழும்; பிழை பெரும்பாலும் விலை குறைந்த சாமானில் இருக்கும்.

முதலாவது: காண்டல்

இரவு பதினொன்றே கால். கார்ட் மீண்டும் பூட்டப்பட்டது. கடைக்காரப் பெடியனின் வட்ஸ்அப்புக்கு மகன் நீண்ட செய்தி எழுதினான்: செய்த சோதனைகள், கழற்றிய பாகங்கள், சித்தப்பாவின் கருத்து, மதர்போர்ட் மீதான குற்றச்சாட்டு. பதில் ஒரே வரி.

“தம்பி, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ.”

போட்டோ எடுக்க மேசையை இழுக்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து வந்தபின் கணினியின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தது அப்போதுதான். மேற்பாதியில் மதர்போர்டின் ஓட்டைகள், நெடுக்காக. யுஎஸ்பிக்கு நடுவே ஒரு எச்டிஎம்ஐ, அதில் கேபிள் உறுதியாக, அழகாகக் குத்தப்பட்டிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, குறுக்காகப் படுத்திருந்த கார்டின் நான்கு ஓட்டைகள். நான்கிலும் கம்பனி போட்டனுப்பிய கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகள் கழற்றப்படாமல் இருந்தன.

போட்டோ திரும்பி வந்தது. கீழ் வரிசையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். எழுத்து ஒன்றுமில்லை.

மகன் ஒரு மூடியை நகத்தால் கழற்றி, கேபிளை மாற்றிக் குத்தினான். சோடனை விளக்குகள் முன்பு போலவே ஓடின. திரையில் மதர்போர்ட் கம்பனியின் சின்னம் வந்தது. அதற்கு முன்னே அம்மம்மா நித்திரையாகிவிட்டார்.

“கேபிளைப் பார் எண்டு நான் முதலே சொன்னனான்” என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னதாக வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. இது உரையா, அபாவமா என்பது மேலாய்வுக்குரியது.

இன்னொரு செய்தியும் பதிவில் இருக்கட்டும். அந்த மொனிட்டர் 165 ஹேர்ட்ஸ்; பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, விலையில் அதற்கென்றே ஒரு பங்கு போயிருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினால்தான் அந்த வேகத்தில் ஓடும். இக்கட்டுரை எழுதப்படும் வரை அது 60இல் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் எவரும் இன்னும் காணவில்லை.